எட்டு வந்தது, நிற்க வரவில்லை

முட்டத்தறை டெஸ்ட் மைதானத்தில் அன்று காலை வரிசையில் நின்றவர்களில் அறுபதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள், நர்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள், கைக்குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்த ஓர் இளம் தாய். ஹெல்மெட்டைக் கழற்றினால் வழுக்கை தெரிந்துவிடுமே என்று நான் கழற்றாமலே முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். வியர்வை காதோரமாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போய்க்கொண்டிருந்தது.

கேரளத்தில் இருசக்கர வண்டிக்கு லைசன்ஸ் வேண்டுமென்றால் முதலில் எட்டு போட வேண்டும். எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் தரையில் கம்பிகளை நட்டு வழி அமைத்திருப்பார்கள். அதற்குள் வண்டியை விட்டு வளைந்து வெளியே வர வேண்டும். கம்பியில் இடிக்கக் கூடாது, கால் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் போச்சு, இன்னொரு நாள் வர வேண்டியதுதான். எனக்கு முன்னால் போன ஐந்து பேரில் மூன்று பேர் காலை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

என் முறை வந்தது. நான் போனேன். வளைந்தேன், நடுவில் குறுக்கே கடந்தேன், அந்தப் பக்கமும் வளைந்தேன். ஒரு கம்பியும் ஆடவில்லை. என் கால் பலகையை விட்டு அசையவே இல்லை. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நான் நேராக வந்து இன்ஸ்பெக்டரின் மேஜை முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து அழகாக வண்டியை நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டு இரண்டு காலையும் பலகையிலேயே வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன். வண்டி மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. அப்போதும் உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் நானும் வண்டியும் சேர்ந்து அப்படியே தரையில் படுத்துவிட்டோம்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து பார்த்தார். "எட்டு க்ளீனாயிட்டு எடுத்தல்லோ சாரே. நில்க்கான் மாத்ரம் ஆரும் படிப்பிச்சில்லே?" என்றார். எட்டை இவ்வளவு சுத்தமாகப் போட்டவருக்கு நிற்பதற்கு மட்டும் யாருமே சொல்லித் தரவில்லையா என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

லக்கேஜ் மாமா

போன வாரம் நான் தனியாக ரசம் வைத்து, புளியைக் கரைக்காமல் உருண்டையாகவே போட்ட கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கு உருப்படியாக ஏதாவது தெரியுமா?" என்று கேட்டிருந்தார். தெரியும் அம்மா. எனக்குப் பின்சீட்டில் உட்காரத் தெரியும். அதில் என்னை மிஞ்ச இந்தத் திருவனந்தபுரத்தில் ஆள் கிடையாது.

என் மனைவி வத்ஸலா திருநெல்வேலிக்காரி. கல்யாணத்துக்கு முன்பே அண்ணாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியவள். நானோ பதினோரு வயதில் அப்பாவின் சைக்கிளை எடுத்துப் போய் மேற்குக்கோட்டையில் ஒரு பூக்காரியின் கூடைக்குள் முன்சக்கரத்தைச் செருகியவன். பூக்காரி போட்ட சத்தத்தில் அப்பா வந்து, "சக்கரம் வெச்ச எதுவும் இவனுக்குச் சரிப்படாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பீலுக்கு நான் போகவில்லை. ஐம்பது வருஷத்துக்கு அந்தத் தீர்ப்புதான்.

வத்ஸலாவுக்கு டெலிபோன் ஆபீஸில் வேலை. எனக்குச் செக்ரட்டேரியட் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிற உத்தியோகம். அவள் ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து இருபத்து மூன்று வருஷம் காலையில் என்னை இறக்கிவிட்டுத்தான் அவள் ஆபீசுக்குப் போவாள். எங்கள் ஸ்ரீவராகம் தெருவில் அப்போது பெண்டாட்டி ஓட்டப் புருஷன் பின்னால் போகிற வீடு எங்கள் வீடு ஒன்றுதான். "வத்ஸலா மாமி லக்கேஜோட கிளம்பியாச்சு" என்பார்கள். எனக்கு லக்கேஜ் மாமா என்று பெயரே விழுந்தது. நான் கோபக்காரன் என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்தப் பெயருக்கு மட்டும் ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

முதல் நாள் ஏறி உட்கார்ந்தவுடன் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏன்னா, கேட்டேளா, சிக்னல்ல நான் நிறுத்தறச்சே நீங்க காலைக் கீழே வெக்கப்டாது. ரெண்டு பேரும் வெச்சா வண்டி யார் பேச்சைக் கேக்கும்? நான் பிடிச்சிண்டிருக்கேன். நீங்க சும்மா உக்காருங்கோ."

சும்மா உட்கார்ந்தேன். மழையிலும், ஆற்றுக்கால் பொங்கல் நெரிசலிலும், பஸ் ஒன்று எங்கள் முழங்காலை உரசிக்கொண்டு நின்றபோதும் என் கால் தரையைத் தொட்டதே இல்லை. ஆனால் வாய் சும்மா இருக்காது. "வலது பக்கம் ஆட்டோ", "பின்னாடி பஸ்", "இப்போ போலாம், வா வா" என்று சொல்லிக்கொண்டே வருவேன். திரும்பிப் பார்க்கிற வேலை என்னுடையது, ஓட்டுகிற வேலை அவளுடையது. அப்படித்தான் எங்கள் குடும்பம் ஓடியது.

மகள் அபர்ணாவுக்கு மெல்போர்னில் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே எல்லா இடத்துக்கும் காரில் ஏற்றி, இறக்கி, பெல்ட்டைக்கூட அவர்களே மாட்டிவிட்டார்கள். குளிர் காலம். மாப்பிள்ளை ஹீட்டரைப் போடுவார், எனக்கு மூச்சு முட்டும், ஜன்னலைத் திறப்பேன். அவர் வந்து மூடுவார். மூன்று நாள் இப்படித் திறப்பதும் மூடுவதுமாகப் போனது. நாலாம் நாள் நான் சொல்லக் கூடாத ஒன்றைச் சொன்னேன். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன். மாப்பிள்ளை எழுந்து உள்ளே போனார், அபர்ணா அழுதாள். நான் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வத்ஸலா வாசல்வரை வந்து, "நீங்க போங்கோ. கொழந்தைக்கு ஒரு வயசு ஆகட்டும், வரேன்" என்றாள். குழந்தைக்கு ஒரு வயதும் ஆயிற்று, இரண்டும் ஆயிற்று. அவள் வரவில்லை.

ஒரு பொய்

தனியாக இருக்கிற வீட்டில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு ஓயும். மேலே ஓட்டில் அணில் ஓடும். நான் யாரிடமும் பேசாமல் இருந்து, சாயங்காலம் போன் அடித்து "ஹலோ" என்று சொல்லும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும். ஸ்கூட்டர் நடையில் உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் உறையை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பவும் போர்த்துவேன். ஏன் துடைக்கிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒருநாள் வீடியோவில் வத்ஸலா சொன்னாள்: "ஏன்னா, எதிராத்து மாமி பிள்ளைக்கு ஸ்கூட்டர் வேணுமாம். கொடுத்துடுங்கோளேன். சும்மா நின்னா டயர் போயிடும்."

எனக்கு உச்சந்தலைக்குக் கோபம் ஏறியது. வண்டியைக் கொடுத்துவிடு என்றால் என்ன அர்த்தம்? அவள் வரப்போகிறாள் என்றால் அது அவளுக்கு வேண்டுமே! வண்டி வீட்டில் நிற்கிறவரைக்கும் அவள் வெளியூர் போயிருக்கிறாள். வண்டி போய்விட்டால் அவள் போய்விட்டாள். நான் அப்படித்தான் நினைத்தேன்.

"எதுக்குக் கொடுக்கணும்? நான் ஓட்டிண்டிருக்கேனே" என்றேன்.

"நீங்களா?"

"ஏன், நான் ஓட்டப்டாதா?"

"எங்க போனேள்?"

"சாலை மார்க்கெட்டுக்குப் போய் பச்சக்கறி வாங்கிண்டு வந்தேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நெஜம்மாவா? ஜாக்ரதையா ஓட்டுங்கோ" என்றாள். அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

பொய்யைச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் காலை உறையை எடுத்துச் சாவியைப் போட்டால் பேட்டரி செத்துக் கிடந்தது.

அங்க யாரு இருக்கப் போறா?

டிரைவிங் ஸ்கூலில் ஸ்கூட்டர் வகுப்பு என்பது பெண்கள் வகுப்புதான். ஆண்பிள்ளைகள் பதினைந்து வயதிலேயே யாரிடமாவது ஓசி வண்டி வாங்கித் தாங்களாகவே கற்றுக்கொண்டுவிடுகிறார்களாம். எங்கள் ஆசிரியை செல்வராணி, மார்த்தாண்டம் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். காலை ஆறு மணிக்குத் தலையில் ஈரத் துண்டோடு வந்து நிற்பாள்.

முதல் நாள் நான் ஏறி உட்கார்ந்ததும் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"சாரே, முன்னால நீங்கி இரிங்க."

கொஞ்சம் நகர்ந்தேன்.

"இன்னும் முன்னால. இம்புட்டு எடம் விட்டு வச்சிருக்கியளே, அங்க யாரு இருக்கப் போறா?"

குனிந்து பார்த்தேன். நான் சீட்டின் பின்பாதியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. கையை எட்டி ஹேண்டில் பாரைப் பிடிக்க முதுகு வளைந்து கிடந்தது. முன்னால் நகர்ந்தேன். அந்த இடம் எனக்குச் சூடாக இருந்தது, எனக்கு முந்தி ஓட்டிய பெண் அப்போதுதான் இறங்கிப் போனதால்தான்.

கண்ணாடியைத் திருப்பச் சொன்னாள். என் முகம் தெரிகிற மாதிரி திருப்பினேன். "ஒங்க மொகத்த நீங்க வீட்டுல பாத்துக்கிடலாம். இதுல ரோடு தெரியணும்" என்றாள். ஹெல்மெட்டைச் சும்மா தலையில் கவிழ்த்தால் போதாது, நாடாவில் கிளிக் என்று சத்தம் கேட்க வேண்டும். தாடைக்கும் நாடாவுக்கும் நடுவில் விரல் நுழையலாம், கை நுழையக் கூடாது. முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் மணலில் வழுக்கும், பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் வண்டி நிற்காமல் இழுத்துக்கொண்டு போகும். இரண்டையும் சேர்த்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெதுவாக அழுத்த வேண்டும். வளைவில் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. எங்கே போகப் போகிறோமோ அங்கே பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்கு வந்தது. சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள், வேகமாகவே வந்தது.

வராதது இரண்டு. ஒன்று, வாய். மைதானத்தைச் சுற்றும்போது என்னையறியாமல் "வலது பக்கம் நாய்", "பின்னாடி லாரி, பாத்து" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே போவேன். சொல்வது மட்டுமில்லை, முழுசாகத் திரும்பிப் பின்னால் பார்ப்பேன். வண்டி அதன் போக்கில் சாக்கடைப் பக்கம் போகும். "யாருட்ட சொல்லுதிய சாரே? நீங்கதானே ஓட்டுதிய! கண்ணாடியப் பாருங்க, இண்டிகேட்டரப் போடுங்க" என்று செல்வராணி பின்னாலேயே ஓடி வருவாள். உடன் படித்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இரண்டாவது, கால். அதை அவளும் கண்டுபிடிக்கவில்லை, நானும் கண்டுபிடிக்கவில்லை. மைதானத்தில் எப்போது நிறுத்தினாலும் அடுத்த ஆளுக்கு வண்டியைக் கொடுப்பதற்காக அவளே வந்து ஹேண்டிலைப் பிடித்துவிடுவாள். எல்லோரும் எட்டில் பயந்து காலை வைத்துவிடுகிறார்கள், சார் மட்டும் வைப்பதே இல்லை என்று என்னை உதாரணம் வேறு காட்டினாள். இருபத்து மூன்று வருஷப் பயிற்சி என்று அவளுக்கு எப்படித் தெரியும்!

ஓடு, நில்

ஆக, டெஸ்ட் மைதானத்தில் நான் படுத்துக் கிடந்தேன். செல்வராணி ஓடி வந்து வண்டியைத் தூக்கினாள். முழங்கை சிராய்த்திருந்தது. ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "என்ன ஆச்சு? தல சுத்திச்சா?" என்றாள்.

"இல்லை."

"பின்ன ஏன் கால வைக்கல்ல?"

அப்போதுதான் எனக்கே புரிந்தது. "வண்டி நின்னா காலை வெக்கறது நான் இல்லையே அம்மா" என்றேன். "அவதான் வெப்பா."

யார் என்று அவள் கேட்கவில்லை. பாட்டிலை வாங்கி மூடினாள். பிறகு, "நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க. எட்டு வேண்டாம். நிக்க மட்டும் படிப்போம்" என்றாள்.

பத்து நாள் அதுதான் பாடம். ஓடு, நில், காலை வை. ஓடு, நில், காலை வை. பத்தடிக்கு ஒருமுறை நிற்க வேண்டும். பிரேக் பிடித்து வண்டி நிற்கிற கடைசி நொடியில் இடது கால் இறங்க வேண்டும். முன்னாலேயே இறக்கினால் செருப்பு தேயும், கணுக்கால் திரும்பும். தாமதித்தால் நான்தான் சாட்சி. முதல் இரண்டு நாள் கால் இறங்கவே மறுத்தது. மூளை சொல்கிறது, கால் கேட்கவில்லை. செல்வராணி ஒரு குச்சியால் என் இடது முட்டியைத் தட்டிக்கொண்டே கூடவே நடந்தாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, கால் தானாக இறங்கியது. உள்ளங்கால் தரையில் பதிந்ததும் வண்டியின் முழுக் கனமும் அந்த ஒரு காலில் வந்து உட்கார்ந்தது. இத்தனை கனத்தையும், கூட என்னையும் சேர்த்து, அவள் ஒற்றைக் காலில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒருநாளும் கனக்கிறது என்று சொன்னதில்லை. நானும் ஒருநாளும் கேட்டதில்லை. மைதானத்தின் நடுவில் வண்டியில் உட்கார்ந்தபடியே அழுதேன். ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த டெஸ்டில் எட்டும் போட்டேன், நின்றும் காட்டினேன். அதே இன்ஸ்பெக்டர். என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லாறு

வத்ஸலா மார்கழியில் மூன்று வாரம் வருகிறேன் என்றாள். மூன்று வாரம் என்பதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. வருகிறாள் என்பதை மட்டும்தான் வாங்கினேன். வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்து பிரேக் பார்க்கச் சொன்னேன், புது பேட்டரியும் டயரும் போட்டேன், பின்சீட்டுக்காரருக்கு இன்னொரு ஹெல்மெட் வாங்கினேன். பின்னால் கால் வைக்கிற கம்பி இரண்டும் துருவேறி மடங்கியபடி இறுகிக் கிடந்தன. எண்ணெய் விட்டு விரித்துவைத்தேன்.

வந்த மூன்றாம் நாள் காலை, "வா, கல்லாறுக்குப் போயிட்டு வரலாம்" என்றேன். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை அவள் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவாள். பொன்முடி மலையின் அடிவாரத்தில் ஆறு வந்து பாறைகளில் விழுந்து ஓடுகிற இடம். அதற்குமேல் வளைவுகளில் லக்கேஜோடு ஏற மாட்டேன் என்பாள்.

வாசலில் இறங்கியதும் பழக்கத்தில் அவள் வண்டியின் முன்பக்கம் போனாள், நான் பின்பக்கம் போனேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். "ஓஹோ, நீங்கன்னா ஓட்டறேள்!" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தாள். அவளுக்குப் பின்சீட்டில் கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. முதலில் தன் மடியில் வைத்தாள், அப்புறம் சீட்டைப் பிடித்தாள், கடைசியில் என் தோளில் வைத்தாள். எதிர்வீட்டுச் சிட்டவுட் திண்ணையிலிருந்து, "மாமி, லக்கேஜ் மாறிப் போச்சே!" என்று குரல் வந்தது.

அட்டக்குளங்கரையில் முதல் சிக்னல். சிவப்பு. இரண்டு பிரேக்கையும் பிழிந்தேன், இடது காலை ஊன்றினேன். ஆனாலும் வண்டி தள்ளாடியது. குனிந்து பார்த்தால் வத்ஸலா இரண்டு காலையும் தரையில் ஊன்றி, வண்டியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"காலைக் கீழே வெக்கப்டாது" என்றேன். "ரெண்டு பேரும் வெச்சா வண்டி யார் பேச்சைக் கேக்கும்? நான் பிடிச்சிண்டிருக்கேன். நீ சும்மா உக்காரு."

காலை எடுத்து மேலே வைத்துக்கொண்டாள். தோளில் இருந்த கை மட்டும் கொஞ்சம் அழுந்தியது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான சிக்னல் கிடையாது.

நெடுமங்காடு தாண்டி, விதுரையில் சாயா குடித்து, கல்லாறு போய்ச் சேர்ந்தோம். பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டோம். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கடையில் வாங்கிய வேகவைத்த மரவள்ளிக் கப்பையைப் பொட்டலத்திலிருந்து பிட்டுத் தின்றுகொண்டே அவள் சொன்னாள்.

"இப்போதான் எனக்கு நிம்மதியா இருக்கு."

"எதுக்கு?"

"ரெண்டு வருஷமா ராத்திரி தூக்கமே கிடையாது. நீங்க தனியா என்ன பண்றேள், அவசரத்துக்கு ஒரு மருந்துக் கடைக்குப் போணும்னாக்கூட யாரு இருக்கான்னு. வந்துடலாம் வந்துடலாம்னு நெனச்சிண்டே இருந்தேன். இப்போ பாத்தாச்சு. என்னைவிட நன்னா ஓட்டறேள்." கப்பையை மென்று விழுங்கினாள். "அபர்ணாவுக்கு ரெண்டாவது ஆகப் போறது. நான் அங்கயே இருந்துடறேன்னா. நீங்க ஓட்டறேன்னு சொன்னப்பவே விசா பேப்பரெல்லாம் போட்டாச்சு."

எனக்கு வந்த கோபத்துக்கு ஆற்றில் தள்ளியிருப்பேன், யாரை என்பதுதான் தெரியவில்லை. அவள் திரும்பி வருவதற்காகத்தானே வண்டியைக் காப்பாற்றினேன்? வண்டியைக் காப்பாற்றத்தானே ஓட்டக் கற்றேன்? ஓட்டக் கற்றதால்தான் அவள் வரவில்லையாம்! முட்டாளே, ரசத்தில் புளி உருண்டையைப் போடுகிறவனாகவே இருந்திருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"நீங்களும் வாங்கோளேன்" என்றாள், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "மாப்பிள்ளை பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கல. அங்க ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தரச் சொல்றேன்."

அந்த இடத்தில் 'சரி' என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. அல்லது, நீ இல்லாமல் எனக்கு முடியவில்லை என்றாவது சொல்லியிருக்க வேண்டும். என் வறட்டு கௌரவம் வாயை அடைத்துவிட்டது. "கப்பை வேகவே இல்லை" என்றேன்.

திரும்பி வருகிற வழியில் ஒவ்வொரு வளைவிலும் அவள், "பின்னாடி ஜீப்பு", "இப்போ போலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மஞ்சள்

மெல்போர்னுக்குக் கிளம்பும் முன்பு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்தாள். வண்டியை என் பேருக்கு மாற்றுவதற்கான காகிதம். மேலே பறக்காமல் இருக்கச் சாவியை வைத்திருந்தாள்.

கிளம்புகிற அன்று காலை டாக்சியில் நான் ஏற இடமில்லை. நாலு பெட்டி, வடாம், அப்பளம், நார்த்தங்காய், பேத்திக்கு ஒரு மரக் குதிரை. "நீங்க ஆத்துலயே இருங்கோ" என்றாள். நான் ஹெல்மெட்டை எடுத்தேன். ஏர்போர்ட் எங்கள் தெருவிலிருந்து எவ்வளவு தூரம்? டாக்சிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போனேன்.

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் நடுவில் எப்போதும் இடம் விட வேண்டும் என்பது செல்வராணியின் பாடம். அவன் திடீரென்று பிரேக் பிடித்தாலும் நமக்கு நிற்க நேரம் வேண்டும். இடம் விட்டுத்தான் போனேன். டாக்சியின் பின்கண்ணாடியில் பெட்டிகளுக்கு மேலே வத்ஸலாவின் முகம் தெரிந்தது. முழுசாகத் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். இடது பக்கம் ஒதுங்கு என்று கையைக் காட்டினாள். ஒதுங்கினேன்.

ஈஞ்சக்கல் சிக்னலில் பச்சை போய் மஞ்சள் விழுந்தது. டாக்சி போய்விட்டது. விட்டிருந்தால் நானும் போயிருக்கலாம், பக்கத்தில் இரண்டு பைக் அப்படித்தான் பாய்ந்தன. மஞ்சள் என்றால் வேகமாகப் போ என்று அர்த்தமில்லை, நிற்கத் தயாராகு என்று அர்த்தம். என் கை தானாகப் பிரேக்கைப் பிழிந்தது. கால் தானாக இறங்கியது. கண்ணாடிக்குள் இருந்த முகம் சிறுத்துக்கொண்டே போய், பஸ் ஒன்று நடுவில் வந்து மறைத்தது. சிவப்பில் நொடிகள் தொண்ணூறிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின.

நான் வண்டியை நிறுத்திவிட்டு மூச்சிரைக்கப் போனபோது அவள் ஏர்போர்ட் வாசலில் தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பாஸ்போர்ட் கையில் இருந்தது.

"சிவப்புல நின்னேளா?" என்றாள்.

"நின்னேன்."

"காலை வெச்சேளா?"

"வெச்சேன்."

"அது போறும்" என்றாள். என் ஹெல்மெட் நாடாவை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். நான் அதைக் கழற்றக்கூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அப்புறம் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போதும் ஈஞ்சக்கல்லில் சிவப்பு. நின்றேன். பின்னால் ஆள் இருந்தால்தான் வண்டி கனக்கும், ஒற்றை ஆளுக்குச் சுலபம் என்று செல்வராணி சொல்லியிருந்தாள். திரும்பிப் பார்த்தேன். சீட் காலியாக இருந்தது, கால் வைக்கிற கம்பிகள் இரண்டும் விரிந்தே இருந்தன. தரையில் என் கால் ஒன்றுதான் இருந்தது.